தீபாவளிக்கு வீட்டில் இல்லாத வருடம்: யாருக்கு நன்றி சொன்னீர்கள், யாருக்குச் சொல்லாமல் விட்டீர்கள்?

செந்தூல் சிக்னல்

எல்லாருக்கும் வணக்கம். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்தான். நேற்று கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் பேரப்பிள்ளைக்குச் சட்டை எடுக்கப் போனேன். ஒரு கடை வாசலில் நல்லெண்ணெய் போத்தல்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் 2018 ஞாபகம் வந்துவிட்டது. ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அந்த வருடம் நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை தீபாவளி. நான் தெற்கு லெபனானில் இருந்தேன். ஐநா அமைதிப்படை அங்கே 1978 முதல் இருக்கிறது. 2006 போருக்குப் பிறகு அதைப் பெரிதாக்கினார்கள், 2007 முதல் நம் மலேசியப் பட்டாலியனும் போய் வருகிறது. எங்கள் கேம்ப் மராக்கா என்ற ஊரில். புருணை வீரர்களும் எங்களோடுதான் இருந்தார்கள். நான் சிக்னல் பிரிவு, அப்போது கார்ப்பரல். தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தீபாவளிக்கு முந்தின இரவு எனக்கு ரேடியோ அறையில் டூட்டி, எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை. அந்த மாதத்தில் லெபனான் நமக்கு ஆறு மணி நேரம் பின்னால். செந்தூலில் அம்மா விடியற்காலை நான்கு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி எண்ணெய் வைக்கும்போது எனக்கு இரவு பத்து மணி. அப்போது நான் ரேடியோ முன்னால் இருந்தாக வேண்டும், போனைத் தொடக்கூடாது. பெயர் பட்டியலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

பத்து மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஒரு லான்ஸ் கார்ப்பரல் உள்ளே வந்தான். கிளந்தான்காரன். பகல் முழுக்க மழையில் ரோந்து போய்விட்டு வந்தவன், சட்டைக் காலர் இன்னும் ஈரமாக இருந்தது. "நீ போ, அம்மாவிடம் பேசு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். டூட்டி சார்ஜண்டிடம் ஏற்கெனவே கேட்டு வாங்கியிருந்தான். நான் எழுந்தேன், அவன் உட்கார்ந்தான். அவ்வளவுதான் பேச்சு.

வீடியோவில் அம்மா வந்தார். பிள்ளைகள் தலை நிறைய எண்ணெயோடு வரிசையாக மணைக்கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஒரு விரலை எண்ணெயில் தொட்டு, போன் திரையில் என் நெற்றி தெரிந்த இடத்தில் வைத்தார். அதற்கப்புறம் எனக்கு அவர் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. எண்ணெய் இருந்தது அவர் பக்கத்துத் திரையில். இருந்தும் எனக்குத்தான் மங்கலாகத் தெரிந்தது. புரிந்துகொள்வீர்கள்.

மறுநாள் காலையில் நானும் எண்ணெய் வைத்துக் குளித்தேன். நல்லெண்ணெய்க்கு அங்கே எங்கே போவது? அது ஒலிவ் பறிக்கும் பருவம். எங்கள் மருத்துவ முகாமுக்கு வரும் ஒரு பாட்டி, புதிதாக ஆட்டிய எண்ணெயை ஒரு தண்ணீர் போத்தலில் ஊற்றி எங்கள் மெடிக்கிடம் கொடுத்திருந்தார். அதில் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். மிச்சத்தை ஒரு டூனா டின் மூடியில் ஊற்றி, பஞ்சு திரித்துப் போட்டு, அனுமதி கேட்டு, குக்ஹவுஸ் பின்பக்கம் விளக்காக ஏற்றினோம். மலாய்க்காரச் சமையல்காரர் என் மனைவியிடம் வாட்சாப்பில் கேட்டு ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தார். சோம்பு கொஞ்சம் தூக்கல். மற்றபடி நன்றாகவே இருந்தது.

பாட்டிக்கு அடுத்த முகாமில் நேரிலேயே அரபியில் 'ஷுக்ரன்' என்று நன்றி சொன்னேன். சமையல்காரரின் கையைப் பிடித்துச் சொன்னேன். அந்த லான்ஸ் கார்ப்பரலுக்கு மட்டும் சொல்லவே இல்லை. காலையில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அப்புறம் ரோந்து. ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. பிறகு எடுத்துப் பேசினால் ஒரு மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன். நாடு திரும்பியதும் ஆளுக்கொரு கேம்ப். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அவனும் வெளியே வந்துவிட்டான் என்று கேள்வி.

உங்களுக்கும் இப்படி யாராவது இருக்கிறார்களா? ராணுவம், கடற்படை, விமானப்படை என்று போனவர்கள் மட்டும் இல்லை, வீட்டில் இருந்து காத்திருந்தவர்களும் எழுதுங்கள்.


பிறைக்காரி

அண்ணே, காத்திருந்தவர்களையும் கேட்டீர்களே, அதற்கே முதலில் நன்றி.

என் கணவர் கடற்படை. ஒரு தீபாவளிக்கு லாயாங்-லாயாங் தீவில் இருந்தார். கோத்தா கினபாலுவிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் இருக்கிறது. 1983 முதல் நம் கடற்படை அங்கே நிலைகொண்டிருக்கிறது. சாமான் எல்லாம் கப்பலிலோ விமானத்திலோதான் போக வேண்டும். நான் செய்த அதிரசம் அவர் கைக்குப் போனபோது தீபாவளி முடிந்திருந்தது.

எனக்கு நன்றி சொல்ல வேண்டியவர் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி. தீபாவளிக்கு முந்தின நாள் குழாய் உடைந்து வீட்டில் தண்ணீர் இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள், மாமியாருக்குக் கால் வலி. ஆன்ட்டி தன் வீட்டுக் குழாயில் ரப்பர் பைப்பை மாட்டி, வேலிக்கு மேலே எங்கள் பக்கம் போட்டார். அதிகாலை நான்கு மணிக்கு எண்ணெய்க் குளியல் என்று அவருக்குத் தெரியும். மூன்றரைக்கே எழுந்து குழாயைத் திறந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அந்த வருடம் எங்கள் கங்கா ஸ்நானம் அவர் வீட்டுத் தண்ணீரில்தான்.

அவருக்குச் சொன்னேன் அண்ணே. முறுக்கு டின்னைக் கொடுத்து, வாய்விட்டும் சொன்னேன். சொன்ன பிறகுதான் அவர் பேச ஆரம்பித்தார். அவர் மகன் பல வருடமாக ஆஸ்திரேலியாவில் இருக்கிறானாம், சீனப் பெருநாளுக்கு வருவதில்லையாம். அதுவரை அவர் வீட்டுக் கதை எனக்குத் தெரியவே தெரியாது.


செராஸ் வாசகன்

தவறாக நினைக்க வேண்டாம், மனதில் பட்டதைக் கேட்கிறேன். ராணுவம் சம்பளம் வாங்கும் வேலைதானே? வெளிநாடு போனால் ஐநா டாலரில் கொடுக்கிறது. என் அக்கா அரசாங்க மருத்துவமனையில் தாதி. மூன்று தீபாவளி தொடர்ந்து நைட் ஷிப்ட் பார்த்தார். என் மாமா நெடுஞ்சாலை டோலில் இருந்தவர், ஒரு பண்டிகைக்கும் வீட்டில் இருந்ததில்லை. அவர்களுக்கெல்லாம் யார் நன்றி சொல்கிறார்கள்? சீருடை போட்டவர்களுக்கு மட்டும் தனியாக ஏன்?


செந்தூல் சிக்னல்

தம்பி, நல்ல கேள்வி.

முதலில் டாலர் விஷயம். ஐநா ஒரு வீரருக்கு மாதம் இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது உண்மை. 2018-இல் அது 1,428 அமெரிக்க டாலராக இருந்தது. ஆனால் அது போவது அந்தந்த நாட்டு அரசாங்கத்துக்கு. வீரருக்கு அவர் நாடு தன் விகிதப்படி கொடுக்கும். எங்களுக்கும் அலவன்ஸ் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதில்தான் வீட்டுக் கூரையை மாற்றினேன்.

இரண்டாவது, எனக்கு யாராவது நன்றி சொல்ல வேண்டும் என்று நான் எழுதவில்லை. எனக்குக் கிடைத்துவிட்டது. 90 நாள் சேவை முடிந்தால் ஐநா பதக்கம் குத்துவார்கள். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். ரேடியோ முன்னால் எனக்குப் பதிலாக நான்கு மணி நேரம் உட்கார்ந்தானே, அதற்கு யாரும் பதக்கம் குத்தவில்லை. அதைத்தான் பேசுகிறேன்.

உங்கள் அக்காவுக்குப் பதிலாக ஷிப்ட் பார்க்க யாராவது வந்திருந்தால் அவர்களும் இந்தக் கணக்கில்தான். உங்கள் மாமாவும், வீட்டில் காத்திருந்த அத்தையும் இந்த இழையில் எழுத வேண்டியவர்கள். கூப்பிடுங்கள்.


பத்து கேவ்ஸ் அம்மா

நான் இதில் எழுதிப் பழக்கமில்லை. என் மருமகள்தான் காட்டினாள், தட்டச்சும் அவள்தான்.

என் மகன் ராணுவத்தில் இருக்கிறான். லஹாட் டத்துவில் 2013-இல் ஆயுதத்தோடு ஊடுருவினார்களே, அதற்குப் பிறகு சபாவின் கிழக்குக் கடலோரத்தில் பாதுகாப்பைக் கூட்டினார்கள். அங்கே ஒரு தடவை போஸ்டிங். தீபாவளியன்று காலையில் போன் செய்தான். சாப்பிட்டாயா, குளித்தாயா என்று வழக்கமாகப் பேசினோம். வைக்கப் போகும்போது "நன்றிம்மா, எல்லாத்துக்கும்" என்றான்.

எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. பெற்ற பிள்ளை தாயிடம் நன்றி சொல்கிறான் என்றால் என்ன அர்த்தம்? ஏதோ ஆபத்தான இடத்துக்குப் போகிறான், சொல்லிவிட்டுப் போகிறான் என்றே நினைத்தேன். அன்றைக்கு ஒரு வாய் சாப்பிடவில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் மருமகள் பேசி விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஒன்றுமே இல்லை. அவனோடு இருந்த ஒரு பையனுக்குத் தாய் இல்லையாம். அவன் யாருக்குப் போன் செய்வது என்று தெரியாமல் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இவன் எனக்கு அப்படிச் சொன்னானாம்.

அதனால் சொல்கிறேன் பிள்ளைகளே, நன்றி சொல்லுங்கள். ஆனால் தாய்க்குச் சொல்வதாக இருந்தால், நான் நல்லா இருக்கேன் என்பதை முதலில் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது ஒவ்வொரு தீபாவளிக்கும் நான்தான் போன் செய்கிறேன். சபாவைச் சேர்ந்த கடசான் பிள்ளை. என்னை 'அம்மா' என்று தமிழில்தான் கூப்பிடுவான்.


ஜாலான் ஈப்போ

அம்மா, படித்துவிட்டு உடனே என் அம்மாவுக்குப் போன் செய்தேன். நான் நல்லா இருக்கேன் என்று முதலில் சொன்னேன்.


பழைய பிரிக்ஃபீல்ட்ஸ்

அம்மா எழுதியதில் பெரிய விஷயம் இருக்கிறது. நம் வீடுகளில் நன்றி என்பது வெளியாளிடம் சொல்லும் சொல்லாகிவிட்டது. பழைய தமிழில் அந்தச் சொல்லுக்குச் செய்த நன்மை என்றுதான் பொருள். நன்றி மறக்காதே என்றால் உனக்குச் செய்ததை மறக்காதே என்று அர்த்தம். வாயால் சொல்வது பிறகு வந்து சேர்ந்தது.

என் அப்பா கொங்கோ போனவர். மலாயா சுதந்திரம் வாங்கி மூன்றே வருடம். 1960-இல் ஐநா கேட்டுக்கொண்டது என்று மலாயா சிறப்புப் படை புறப்பட்டது. அதுதான் நம் நாட்டின் முதல் அமைதிப்படைப் பணி, 1963 வரை நடந்தது. அப்பா கவச வண்டிப் பிரிவு. போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் ஏறினார். இன்றைய கிள்ளான் துறைமுகம்தான் அது. எனக்கு அப்போது நான்கு வயது. கப்பல் ஞாபகம் இல்லை, அம்மா என் கையை இறுக்கியது மட்டும் ஞாபகம்.

அந்தத் தீபாவளிக்கு வீடியோவும் இல்லை, போனும் இல்லை. நீல நிற ஏர்மெயில் தாள் ஒன்று வந்தது. தீபாவளி முடிந்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. அம்மா அதைக் கடைசிவரை பீரோவில் வைத்திருந்தார், இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் நன்றி என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. ஆனால் இப்படி ஒரு வரி இருக்கிறது: "தபால் கொண்டுவரும் பெரியவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடு, கரை போட்டதாக இருக்கட்டும்." அப்பா சம்பளத்தில் அது சின்னச் செலவு இல்லை. அம்மா எடுத்துக் கொடுத்தார். அப்பா திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. பெரியவர் வேலையை விடும்வரை எங்கள் வீட்டில் தீபாவளிக்கு ஒரு வேட்டி கூடுதலாக எடுப்பார்கள்.

சிக்னல் தம்பி, ஒன்று சொல்கிறேன். அப்பாவோடு கொங்கோவில் இருந்த ஒரு நண்பரைப் பார்க்கப் போக வேண்டும், பார்க்கப் போக வேண்டும் என்று அப்பா வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார். தைப்பிங்கில்தான் இருந்தார் அவர், ரயில் ஏறினால் போய்விடலாம். கடைசியில் இறப்புச் செய்தி வந்துதான் போனோம். அப்பா அந்த வீட்டுத் திண்ணையில் ஒன்றும் பேசாமல் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். அந்த லான்ஸ் கார்ப்பரலைத் தேடுங்கள். தீபாவளிக்கு முன்னாலேயே தேடுங்கள்.


வெள்ளைச் சீருடை

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் தாதி. இப்போது வங்சா மாஜுவில் துவாங்கு மீசான் ராணுவ மருத்துவமனைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன்.

சிக்னல் அண்ணன் லெபனானில் இருந்த அதே தீபாவளிக்கு நான் வங்காளதேசத்தில், காக்ஸ் பஜாரில் இருந்தேன். ரோஹிங்யா அகதிகளுக்காக மலேசியா 2017 கடைசியில் அங்கே கள மருத்துவமனை திறந்தது. நேர வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான், வீட்டுக்குப் பேசுவது சுலபம். ஆனால் பேச முடியவில்லை. விடியற்காலையில் ஒரு பிரசவம் சிக்கலாகி வந்தது.

எங்களுக்கு அவர்கள் மொழி தெரியாது. முகாமிலேயே இருந்த ஒரு ரோஹிங்யா பையன்தான் மொழிபெயர்ப்பான். முன்பு கொஞ்ச காலம் செலாயாங்கில் வேலை பார்த்தவன், அதனால் மலாய் பேசுவான். தாய் கத்துவதை அவன் திரைக்கு வெளியே நின்று மலாயில் சொல்வான், நாங்கள் சொல்வதை அவளுக்குச் சொல்வான். ஒரு கட்டத்தில் அவன் குரல் நடுங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. மணி பத்தாகியிருந்தது.

வெளியே வந்து பார்த்தால் அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். எனக்கு வீட்டிலிருந்து வந்த நெய் உருண்டை நான்கு மிச்சம் இருந்தது. இரண்டை அவனுக்குக் கொடுத்து, இன்றைக்கு எங்கள் தீபாவளி, நீ செய்ததற்கு ரொம்ப நன்றி என்று மலாயில் சொன்னேன். தெரிமா காசி. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அன்பைப் பெற்றுக்கொள் என்று வரும் இல்லையா? அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது. அவன் ஒன்றைத்தான் சாப்பிட்டான், இன்னொன்றைத் தாளில் மடித்துத் தன் தங்கைக்கு வைத்துக்கொண்டான். அவனுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. செலாயாங் மார்க்கெட் போகும்போதெல்லாம் முகங்களைப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.


வார்டிபர்ன் பையன்

நான் செத்தாபாக் வார்டிபர்ன் கேம்ப் குடியிருப்பில் வளர்ந்தவன். 1993 அக்டோபர் மறக்காது. சோமாலியா, மொகடிஷுவில் மாட்டிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்க நம் கொண்டோர் கவச வண்டிகள் போயின. அதில் ஒன்றை ஓட்டிய மாட் அஸ்னான் அவாங் உயிரிழந்தார். எங்களுக்கு அவர் யாரென்று தெரியாது. ஆனால் குடியிருப்பு முழுக்க ஒரே அமைதி. எந்த வீட்டு அப்பா எங்கே இருக்கிறார் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அடுத்த மாதம் தீபாவளி. பட்டாசு வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். பலகாரம் மட்டும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சுட்டு, அப்பா வெளியூரில் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டார். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்றேன். "ஒன்றும் சொல்லாதே, இரண்டு கையாலும் கொடு" என்றார்.


சுங்கை பூலோ 27

எல்லாரும் எழுதுவதைப் படித்து அழுதுகொண்டிருக்கிறேன். ஒரு உதவி வேண்டும். என் தம்பிக்கு இதுதான் முதல் போஸ்டிங், சபாவில். இன்றைக்கு அனுப்பினால் தீபாவளிக்குள் போகுமா? முறுக்கு உடையாமல் எப்படிக் கட்டுவது?


பிறைக்காரி

தங்கச்சி, இன்றே அனுப்பு, நாளை வரை வைக்காதே. கை முறுக்கு வேண்டாம், அச்சு முறுக்கும் வேண்டாம், இரண்டும் தூளாகிவிடும். ஓமப்பொடி, நெய் உருண்டை, பொட்டுக்கடலை மிக்சர் தாங்கும். மைலோ டின்னைக் கழுவி நன்றாகக் காயவைத்து, அடியிலும் மேலேயும் செய்தித்தாளைக் கசக்கித் திணி. குலுக்கிப் பார், சத்தம் வரக்கூடாது. நல்லெண்ணெய் அனுப்பாதே, கசிந்தால் பார்சலையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். அப்புறம், அவனுக்கு மட்டும் அனுப்பாதே. அவன் அறையில் எத்தனை பேர் என்று கேட்டு, எல்லாருக்கும் வருகிற மாதிரி அனுப்பு. அன்றைக்கு அவனுக்கு லீவு கிடைக்கிறதென்றால் அவர்களில் ஒருவர்தான் அவன் டூட்டியைப் பார்ப்பார்.


செராஸ் வாசகன்

அக்காவிடம் கேட்டேன். மூன்று வருடத்தில் ஒரு வருடம், சஞ்சீதா என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடும் அவர் மகளுக்குக் காய்ச்சல். அன்று அக்காவுக்குப் பதிலாக நைட் ஷிப்ட் வந்தது சரவாக்கைச் சேர்ந்த ஒரு இபான் இனத் தாதியாம். சரவாக்கில் தீபாவளிக்குப் பொது விடுமுறைகூட இல்லை, அந்தப் பெண்ணுக்குத் தீபாவளி என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாதாம். "குழந்தைக்கு உடம்பு சரியில்லை, உங்கள் பெருநாள் வேறு" என்று சொல்லி வந்தாராம். இந்த வருடம் அவர்களுடைய காவாய் அறுவடைப் பெருநாளுக்கு அக்கா அவர் டூட்டியை எடுத்தாராம். இதெல்லாம் நான் கேட்ட பிறகுதான் சொல்கிறார். நான் முதலில் எழுதியதை மாற்றவில்லை, ஆனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


செந்தூல் சிக்னல்

தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள். பழைய பிரிக்ஃபீல்ட்ஸ் ஐயா சொன்னதைப் படித்த அன்றைக்கே தேட ஆரம்பித்தேன். பட்டாலியன் வாட்சாப் குழுவில் கேட்டு, ஒருவர் இன்னொருவரைக் காட்டி, நேற்று மக்ரிப் தொழுகைக்கு அப்புறம் நம்பர் கிடைத்தது. கிளந்தானில் சொந்த ஊரில்தான் இருக்கிறான். மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான்.

என்ன சொல்வது என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் குரலைக் கேட்டதும் தாளைப் பார்க்கவே இல்லை. 2018 தீபாவளி, ரேடியோ அறை, நீ வந்து உட்கார்ந்தாயே, அன்றைக்கு என் அம்மா முகத்தைப் பார்த்தேன், அதற்கு இத்தனை வருடம் கழித்து நன்றி சொல்கிறேன் என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எந்த ராத்திரி?" என்றான். உண்மையாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. மழை, ஈரச் சட்டை, டூட்டி சார்ஜண்ட் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். இல்லை.

ஆனால் அவன் வேறொன்றை எடுத்தான். லெபனான் புறப்படுவதற்கு முன்னால், அதே வருடம் ஜூன் மாத ராயாவுக்கு, அதாவது நோன்புப் பெருநாளுக்கு, இங்கே கேம்ப்பில் அவனுக்கு மூன்று இரவு டூட்டி விழுந்திருந்ததாம். மூன்றையும் நான் எடுத்துக்கொண்டேனாம். அவன் பஸ் ஏறி ஊருக்குப் போனானாம். அவன் அப்பாவோடு கழித்த கடைசி ராயா அதுதானாம். நாங்கள் லெபனானில் இருந்தபோது அவர் இறந்துவிட்டார். "அதற்கு நான் உனக்குச் சொல்லவே இல்லை அண்ணே" என்றான். அண்ணே என்று தமிழில்தான் என்னைக் கூப்பிடுவான்.

எனக்கு அந்த மூன்று இரவும் துளிகூட ஞாபகம் இல்லை. இப்போது யோசித்துப் பார்த்தாலும் வரவில்லை. தெரிமா காசி என்றேன். "சாமா-சாமா" என்றான், உனக்கும் அப்படியே என்று.

தீபாவளிக்கு மறுநாள் குடும்பத்தோடு வருகிறான். கிளந்தானிலிருந்து இரவு பஸ், காலையில் இறங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பைச் சனிக்கிழமையிலிருந்து அன்றைக்கு மாற்றிவிட்டோம். அம்மாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது. எந்தப் பையன், எந்தப் பையன் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வெள்ளைச் சீருடை தங்கச்சி, பிறைக்காரி அம்மா, செராஸ் தம்பி, செந்தூல் பக்கம் வந்தால் நீங்களும் வாருங்கள். வீட்டு விலாசத்தைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். பத்து கேவ்ஸ் அம்மா, உங்களை அழைத்துவர என் மகனைக் காரோடு அனுப்புகிறேன். ஆட்டுக்கறிக் குழம்புக்குச் சோம்பு இந்த முறை நானே அளந்து போடுகிறேன்.